வேலை இல்லாத ஆணும் வேலை இல்லாத பெண்ணும் பகலை எப்படிக் கழிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பகுதி நூலகத்தில், வேலை தேடுகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பவும் சுயவிவரம் எழுதவும் உதவி செய்கிறேன். வருகிறவர்களும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மா, அண்ணன், கணவர் எல்லோரும் வேலையைப் பற்றிக் கேட்பதைவிட, வேலை இல்லாத நேரத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். "நாள் பூரா வீட்லதானே இருக்கா, உட்கார்ந்து படிச்சா என்ன?" என்பது ஒரு ரகம். "காலைல போறான், ராத்திரி வர்றான், எங்க போறான்னே தெரியல" என்பது இன்னொரு ரகம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டு எழுதி வைத்துவிட்டேன்.

1. வேலையில்லாதவங்கன்னு யாரைச் சொல்றீங்க? எங்க அக்கா பி.காம். முடிச்சுட்டு வீட்ல இருக்காங்க, அவங்களும் இந்தக் கணக்குல வருவாங்களா?

வேலை தேட வேண்டும், அல்லது கிடைத்தால் போகத் தயார் என்றாவது சொல்ல வேண்டும். அப்போதுதான் அரசுக் கணக்கில் வேலையில்லாதவர். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடுவார்கள். வேலை இல்லை, ஆனால் தேடுகிறார் அல்லது தயாராக இருக்கிறார் என்றால் 81. வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. அதோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்குத் தேவையான துணி தைப்பது மாதிரி வேலையும் செய்பவர் 93. செய்தியில் வரும் வேலையின்மை விகிதம் 81-ஐ வைத்துப் போடுவது. 92-ம் 93-ம் அதற்கு வெளியே.

உங்கள் அக்கா விஷயத்துக்கு வருவோம். கணக்கெடுக்க வந்தவரிடம் மாமனார் "அது வீட்லதாங்க இருக்கு" என்று சொல்லிவிட்டால் அக்கா 92. அக்காவே முன்னால் வந்து "பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன், கிடைச்சா நாளைக்கே போவேன்" என்றால் 81. இதே நிலையில் ஒரு தம்பி இருந்தால் யாரும் "வீட்ல இருக்கான்" என்று முடித்துக்கொள்ள மாட்டார்கள், "வேலை தேடிட்டு இருக்கான்" என்றுதான் சொல்வார்கள்.

2023-24 கணக்கில் வேலையின்மை விகிதம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 3.2 சதவீதம். பார்த்தால் சமமாகத் தெரியும். ஆனால் அதே கணக்கில், வேலை பார்ப்பவரும் தேடுபவரும் சேர்ந்து 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 78.8 சதவீதம், பெண்களில் 41.7 சதவீதம். மிச்சமிருக்கும் பெண்களில் பெரும்பாலோர் 92-க்கும் 93-க்கும் போய்விடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் அவர்களையும் சேர்த்துத்தான் பேசப் போகிறேன், அவர்களை விட்டுவிட்டால் பேச்சே பாதிதான்.

2. யார் எவ்வளவு நேரம் என்ன பண்றாங்கன்னு எப்படித் தெரியும்? சும்மா அடிச்சு விடுறதுதானே?

இல்லை, இதற்கென்றே நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து, நேற்று காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரை என்ன செய்தீர்கள் என்று அரை மணி நேரத் துண்டுகளாகக் கேட்பார்கள். 6 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் இதில் உண்டு.

முதலில் 1998-99-ல் ஆறு மாநிலங்களில் மட்டும் ஒத்திகை மாதிரி செய்து பார்த்தார்கள், அந்த ஆறில் தமிழ்நாடும் ஒன்று. நாடு முழுக்க முதல் முறையாக எடுத்தது 2019-ல், சுமார் 1.39 லட்சம் வீடுகளில். அடுத்தது 2024-ல், அதன் முடிவு 2025 பிப்ரவரியில் வெளியானது. நேற்று என்ன செய்தேன் என்பதை நினைவிலிருந்து சொல்வதால் அஞ்சு பத்து நிமிடம் முன்னே பின்னே இருக்கும், சரி. ஆனால் கீழே சொல்லப்போகும் இடைவெளி அஞ்சு பத்து நிமிட விவகாரம் இல்லை.

3. சரி, அந்தக் கணக்கு என்னதான் சொல்லுது?

2019-ல், ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டு வேலை ஏதாவது செய்தவர்கள் பெண்களில் 81.2 சதவீதம், ஆண்களில் 26.1 சதவீதம். செய்தவர்கள் செலவிட்ட நேரம் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். 2024-ல் இது 289, 88 என்று ஆனது. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

இந்த 97 நிமிடத்தைப் பார்த்து "பரவாயில்லையே, ஒன்றரை மணி நேரம் செய்றோமே" என்று ஒருவர் என்னிடம் மல்லுக்கு நின்றார். அது செய்தவர்களின் சராசரி. செய்யாத முக்கால்வாசி ஆண்களையும் சேர்த்து வகுத்தால் ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு 25 நிமிடம் வரும், பெண்ணுக்கு 243 நிமிடம். இது தவிர குழந்தை, முதியவர், நோயாளி பராமரிப்பு தனி: 2024-ல் 15 முதல் 59 வயதுக்குள் பெண்களில் 41 சதவீதம் பேர் செய்தார்கள், 140 நிமிடம். ஆண்களில் 21.4 சதவீதம், 74 நிமிடம்.

இவை வேலைக்குப் போகிறவர், போகாதவர், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை எல்லோரையும் சேர்த்து வந்த எண்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்த கேள்விக்கு அது முக்கியம்.

4. ஆம்பளைங்க வேலைக்குப் போறதாலதானே வீட்டு வேலை செய்யறதில்லை? வேலை இல்லாதப்போ செய்வாங்கதானே?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பது பெண்களேதான், அதுவும் மகனுக்காக. கொஞ்சம் செய்வார்கள். ஆனால் அலுவலகத்தில் கழிந்த எட்டு மணி நேரம் அப்படியே அடுப்படிக்குப் போய்விடுவதில்லை. கடைக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையை வண்டியில் கொண்டுபோய் விடுவது, தண்ணீர் கேன் தூக்கி வைப்பது என்று வாசலுக்கு வெளியே உள்ள வேலைகள் கூடும். சமையல், பாத்திரம், துணி, கழிவறை கழுவுவது, இந்த நான்கும் கிட்டத்தட்ட அசையாது.

அமெரிக்காவில் 2003-லிருந்து ஆண்டுதோறும் இந்த மாதிரி நேரக் கணக்கு எடுக்கிறார்கள். அதை வைத்து 2008-ஐ ஒட்டிய பொருளாதாரச் சரிவு காலத்தை ஆராய்ந்தபோது, வேலைக்குப் போகாததால் மிச்சமான நேரத்தில் ஏறத்தாழ பாதி ஓய்வுக்குப் போயிருந்தது, அதில் தூக்கமும் டிவியும்தான் பெரும்பங்கு. மூன்றில் ஒரு பங்கு போல வீட்டு வேலைக்கு. வேலை தேடப் போனது வெறும் 2 முதல் 6 சதவீதம். வீட்டு வேலைப் பக்கம் பெண்களும் டிவி பக்கம் ஆண்களும் கூடுதலாகச் சாய்வது அங்கேயும் உண்டு.

அதனால் வேலைக்குப் போவதுதான் காரணம் என்ற வாதம் நிற்கவில்லை. வேலைக்குப் போகும் பெண் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து சேலை முந்தானையைச் செருகிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் கணக்கெடுப்பே தேவையில்லை.

5. எங்க வீட்டுக்காரர் வேலை போனதுலேர்ந்து காலைல ஒன்பது மணிக்கு டிப்-டாப்பா கிளம்பிடறார். எங்கதான் போறாங்க இவங்க?

டீக்கடை, நண்பரின் ஜெராக்ஸ் கடை, பேருந்து நிலையம், கோயில் மண்டபம், பூங்கா, நூலகம். எங்கள் நூலகத்தில் பத்திரிகைப் பகுதியில் பத்து மணிக்கு வந்து உட்காரும் ஆண்களில் சிலர் சட்டையை உள்ளே விட்டு, சாப்பாட்டுப் பையோடு வருவார்கள். தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, பிறகு வரி விளம்பரங்களை விரலால் தடவிக்கொண்டே போவார்கள், ஒரு மணிக்குப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி உள்ளே வருவார்கள். தெருவில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் லுங்கியோடு வாசலில் நிற்க அவர்களால் முடியாது, அதற்காகத்தான் இந்தக் கிளம்பல். பக்கத்து வீட்டுக்காரர் "என்ன இன்னிக்கு லீவா?" என்று சாதாரணமாகத்தான் கேட்பார், அது போதும்.

பொய் சொல்கிறார் என்று முதலிலேயே முடிவு கட்ட வேண்டாம். வெளியே போவதில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதை 9-வது கேள்வியில் சொல்கிறேன். ஆனால் கிளம்பிப் போன இடம் டாஸ்மாக் என்றால் அது வேறு கதை, அதற்கு 11-வதைப் பாருங்கள்.

6. வீட்ல இருக்கிற பொண்ணுக்கு நேரம் நிறைய இருக்குமே, ஏன் படிக்கவே முடியலைங்கிறா?

நேரம் இருக்கிறது, துண்டு துண்டாக. குரூப் 4-க்குப் படிக்கும் ஒரு பெண், இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா, தன் நாளைச் சொன்னதை அப்படியே தருகிறேன். நாலரைக்குத் தண்ணி வரும், வந்தால் ஐந்தே முக்கால் வரை பிடிக்க வேண்டும். பிறகு டிபன், டப்பா, பிள்ளைக்குச் சடை. எட்டேகாலுக்கு வேன். மாமியாருக்கு இட்லியும் மாத்திரையும். பாத்திரம், துணி. பத்தரைக்குப் புத்தகத்தைத் திறந்தால் சிலிண்டர்காரர் ஓ.டி.பி. கேட்டு போன் பண்ணுவார். பதினொன்றுக்கு மாமியாரைப் பார்க்க யாராவது வருவார்கள், காபி. பன்னிரண்டுக்குச் சமையல் மீதி. இரண்டிலிருந்து மூன்றரை வரை தன் நேரம் என்கிறார், அதற்குள் தூக்கம் சொக்கும். மூன்றே முக்காலுக்கு வேன் திரும்ப வரும்.

இவருக்கும் மொத்தமாகக் கூட்டினால் மூன்று மணி நேரம் தேறும். ஆனால் இருபது நிமிடம், பதினைந்து நிமிடம் என்று சிதறிக் கிடக்கிற மூன்று மணி நேரத்தில் நடப்பு நிகழ்வு படிக்கலாம், கணக்குப் போட முடியாது. "வீட்லதானே இருக்கே" என்ற ஒரு வார்த்தையை வைத்து அந்தத் துண்டுகளையும் வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். கூரியர் வாங்குவது, ரேஷனில் நிற்பது, நாத்தனார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் போய்ப் பார்ப்பது, எல்லாம் வேலையில்லாத பெண் தலையில்தான். வேலைக்குப் போகும் மருமகளைக் கேட்க மாட்டார்கள், வேலையில்லாத மகனையும் கேட்க மாட்டார்கள்.

நூலகத்தில் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். படிக்கும் அறையில் பெண்கள் பத்தே முக்காலுக்கு மேல் வருவார்கள், மூன்று மணி அடித்ததும் பாதி நாற்காலி காலியாகிவிடும். பையன்கள் மூடும் வரை இருப்பார்கள். இரண்டு பேரும் எழுதப் போவது ஒரே தேர்வு.

7. மிக்ஸி, கிரைண்டர், கேஸ், வாஷிங் மெஷின் எல்லாம் வந்தாச்சே, இன்னும் என்ன அவ்வளவு வேலை?

இடுப்பு வலி குறைந்தது உண்மை. தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு இலவச டிவி, கேஸ் அடுப்பு, 2011-க்குப் பிறகு இலவச மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி என்று ஏழை வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தன, ஆட்டுக்கல்லில் மாவாட்டிய ஒன்றரை மணி நேரம் மிச்சமானது. அந்த மிச்சம் வேறு எதற்கோ போய்விட்டது. முன்பு வாரம் ஒரு முறை இட்லி, இப்போது தினம். பிள்ளையின் வீட்டுப்பாடத்தில் அம்மா உட்கார வேண்டும் என்ற வழக்கம் ஒரு தலைமுறைக்கு முன் பல வீடுகளில் கிடையாது. எந்திரம் ஒரு வேலையைச் சுருக்கும், அந்த வேலை யாருடையது என்பதை அது மாற்றாது.

8. சீரியல் பார்க்கறதே பொம்பளைங்கதானே, அது எந்தக் கணக்குல வருது?

பொழுதுபோக்குக் கணக்கில்தான். பொழுதுபோக்கு, ஊடகம், விளையாட்டு எல்லாம் சேர்ந்து 2019-ல் ஒரு நாளில் 9.9 சதவீதம், 2024-ல் 11 சதவீதம், இரு பாலருக்கும் சேர்த்து. ஆனால் சீரியல் பார்க்கும் பெண்ணின் கையைப் பாருங்கள்: கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, துணி மடிப்பது, பிள்ளைக்கு ஊட்டுவது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதால் பார்ப்பவருக்கு ஓய்வாகத் தெரிகிறது. கிரிக்கெட் பார்க்கும் ஆணின் கையில் பூண்டு இருந்து நான் பார்த்ததில்லை, உங்கள் வீட்டில் இருந்தால் சந்தோஷம்.

9. வேலை தேடற விதத்துலயும் வித்தியாசம் இருக்கா?

இருக்கிறது, எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. 5-வது கேள்வியில் சொன்ன டீக்கடையை வெட்டி அரட்டை என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் எந்த மில்லில் ஆள் எடுக்கிறார்கள், எந்த மேஸ்திரி இரண்டு பேர் கேட்டார், எந்தக் கம்பெனியில் ஓட்டுநர் நின்றுவிட்டார் என்ற செய்தி எல்லாம் அங்கேதான் நடமாடுகிறது. சின்ன வேலைகளுக்கு விளம்பரமே கிடையாது, வாய் வழிச் செய்திதான். வெட்டியாக உட்கார்ந்திருக்கும் ஆண் வேலைச் செய்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த இடம் இல்லை. அவருக்கு மகளிர் குழுக் கூட்டம் உண்டு, பள்ளி வாசல் உண்டு, கிராமமாக இருந்தால் நூறு நாள் வேலைத் தளம் உண்டு. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் பெண்களே. அங்கேயும் நிறையப் பேசுகிறார்கள், ஆனால் அங்கே கிடைக்கும் செய்தி கடனைப் பற்றியும் அரசு உதவியைப் பற்றியும் அதிகம், வேலையைப் பற்றிக் குறைவு.

அடுத்தது தூரம். ஆண் முதலில் சம்பளத்தைக் கேட்பார், பெண் எத்தனை மணிக்குத் திரும்பலாம் என்று கேட்பார். வேன் வரும் நேரம் அவர் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும். 2021-லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு நேர்காணலுக்குப் போகக் கணவனிடம் காசு கேட்க வேண்டிய கட்டாயம் போயிருக்கிறது, இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் பேருந்தில் இலவசம் காசுக்குத்தான், போய்வரும் இரண்டு மணி நேரத்துக்கு இல்லை.

10. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் வேலை இல்லை, கல்யாணமும் ஆகலை. ஒரே வீட்ல அப்பவும் வித்தியாசம் வருமா?

வரும். 6-வதில் சொன்ன பிள்ளையும் மாமியாரும் இல்லாததால் தங்கைக்கு நேரம் நிச்சயம் அதிகம். ஆனால் அம்மாவுக்கு மாற்றுக் கை அவள்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் அவள் புத்தகம் மூடப்படும், அண்ணன் ஹோட்டலில் பார்சல் வாங்கி வருவான், அது அவன் பங்கு.

இன்னொன்று, இருவரின் காலக்கெடுவும் வேறு. அண்ணனுக்கு மூன்று நான்கு வருடம் தேர்வு எழுத வீடு தாங்கும், திட்டிக்கொண்டே தாங்கும். தங்கைக்கு வரன் வரும் வரைதான், அதுவும் அடுத்த மாதமா இரண்டு வருடமா என்று அவளுக்கே தெரியாது. அதனால் பெண்கள் பலர் சீக்கிரம் முடியக்கூடிய படிப்பாகப் பார்த்துச் சேர்கிறார்கள்: டேலி, தட்டச்சு, தையல், பியூட்டீஷியன். ஆசைப்பட்டு எடுத்ததா என்று கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள். அண்ணனுக்கும் நிம்மதி இல்லைதான், சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போகாமல் தட்டிக்கழிப்பான், ஏனென்றால் பந்தியில் பக்கத்தில் உட்காருகிற மாமா "இப்ப என்னப்பா பண்றே?" என்று கேட்பார்.

11. வேலை போனதுலேர்ந்து அவர் வீட்லயே உட்கார்ந்து எல்லாத்துலயும் குறை சொல்றார். என்ன செய்யலாம்?

முதல் இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு, "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் அவர் ஒவ்வொன்றுக்கும் உங்களைக் கூப்பிட்டு "உப்பு எங்க இருக்கு?" என்று கேட்பார், நீங்களே செய்வதைவிட அது அதிக வேலை. முழுசாக ஒரு வேலையை விட்டுக்கொடுங்கள். காலை டிபன் அவர் பொறுப்பு என்றால் முந்தின நாள் மாவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. சட்னி நன்றாக இல்லை என்றால் சொல்லாதீர்கள், நீங்கள் போய்த் திருத்தினால் அன்றோடு அவர் கைகழுவிவிடுவார். பிள்ளையின் பள்ளிக்கூடம், மாமியாரின் மருத்துவமனை, இவை இரண்டும் ஆண்கள் தயக்கமில்லாமல் எடுத்துக்கொள்கிற பொறுப்புகள், அங்கே தொடங்கலாம்.

நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால் சம்பளத்தைச் சொல்லிக் காட்ட வேண்டாம் என்று எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் அதற்காக அவர் முன்னால் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துச் சரிக்கட்டவும் வேண்டாம்.

குடி, அடி, மிரட்டல் என்று போனால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பெண்கள் உதவி எண் 181. அவர் யாரோடும் பேசாமல், தூங்காமல், வாழ்வதே வீண் என்கிற மாதிரி பேசினால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். குடும்பத்தினரும் கூப்பிட்டு யோசனை கேட்கலாம்.

12. இது நம்ம ஊர் வழக்கமா, இல்ல எல்லா ஊர்லயும் இப்படித்தானா?

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குத் தெற்கே மரியென்தால் என்று ஒரு மில் கிராமம். 1929-30-ல் நூற்பு, நெசவு ஆலை மொத்தமாக மூடப்பட்டது, ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா உள்ளிட்ட இளம் ஆய்வாளர்கள் 1931-32-ல் அங்கே போய் ஊர் எப்படி வாழ்கிறது என்று பார்த்தார்கள். அவர்கள் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும்: ஜன்னலோரம் மறைந்து உட்கார்ந்து, கையில் கடிகாரத்தோடு, தெருவில் போகிறவர்களின் நடை வேகத்தையும் வழியில் எத்தனை முறை நிற்கிறார்கள் என்பதையும் குறித்தார்கள்.

ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு முறையாவது நின்றார்கள், பத்தில் ஒருவர்தான் நிற்காமல் போனார். பெண்கள் ஆண்களைவிட ஒன்றரை மடங்கு வேகமாக நடந்தார்கள். பல ஆண்கள் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று எழுதச் சொன்னால் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது தவிர நடுவில் எழுத அவர்களுக்கு எதுவும் இல்லை. நூலகத்தில் கட்டணத்தை எடுத்த பிறகும் புத்தகம் எடுப்பது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நேரம் கூடினால் படிப்பும் கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெண்களுக்கு ஆலை வேலைதான் போயிருந்தது, வீட்டு வேலை அப்படியே இருந்தது, கையில் காசு குறைந்ததால் துணியை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு இன்னும் கூடியிருந்தது.

13. அப்போ மனசளவுல யாருக்குப் பாதிப்பு அதிகம்? வீட்டு வேலை இருக்கிறதால பொம்பளை தப்பிச்சுக்கிறாளா?

நாள் காலியாக இல்லை என்பதால் பெண்ணுக்குப் பிரச்சினை இல்லை என்று ஆகாது. அதே மரியென்தால் பெண்களைக் கேட்டபோது, இரட்டை வேலையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆலைக்குத் திரும்பிப் போனால் போதும் என்றுதான் பலர் சொன்னார்கள், காசுக்காக மட்டும் இல்லை, நாலு பேரோடு இருப்பதற்காகவும். யஹோடா பின்னாளில் இதை விரித்து எழுதினார். வேலை என்பது சம்பளத்தைத் தவிர ஐந்து விஷயங்களைத் தருகிறது: நாளுக்கு ஒரு ஒழுங்கு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், நாலு பேரோடு சேர்ந்த ஒரு நோக்கம், ஊரில் ஒரு அடையாளம், செய்ய வேண்டிய கட்டாயம்.

வீட்டு வேலை இதில் ஒழுங்கையும் கட்டாயத்தையும் தருகிறது, நடுவில் உள்ள மூன்றையும் தருவதில்லை. வேலை இழந்த ஆணுக்கு டீக்கடை புண்ணியத்தில் மனிதர்கள் கிடைத்தாலும் ஒழுங்கும் அடையாளமும் போய்விடுகின்றன. அதனால் நூலகத்துக்கு வருகிறவர்களில் ஆண்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று. பெண்களிடம் கேட்பது, இந்த வாரம் வீட்டுக்கு வெளியே யாரோடு பேசினீர்கள் என்று.

14. வீட்டு வேலைக்கு மதிப்பு இருக்குன்னு சட்டம் எங்கயாவது சொல்லுதா, இல்ல மேடைப்பேச்சுதானா?

விபத்து இழப்பீட்டு வழக்குகளில் இது பலமுறை வந்திருக்கிறது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை பார்க்கும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து உழைக்காதவர் பட்டியலில் வைத்ததை 2010-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2021 ஜனவரியில் இன்னொரு வழக்கில், 3-வது கேள்வியில் சொன்ன அதே 299, 97 நிமிடக் கணக்கைத் தீர்ப்பிலேயே எடுத்துக் காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணித்துத்தான் இழப்பீடு தர வேண்டும் என்றது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் வெளியே சம்பாதிக்க மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதும் சொத்து சேர்த்ததில் பங்குதான் என்று சொல்லி மனைவிக்குச் சம பங்கு தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்துக்குத் தமிழ்நாடு அரசு மகளிர் உரிமைத் தொகை என்று பெயர் வைத்ததும் இந்த எண்ணத்தில்தான்.

15. வீட்டு வேலைக்கு மதிப்புன்னு சொல்லிச் சொல்லியே பெண்களை வீட்லயே உட்கார வெச்சிட மாட்டாங்களா?

வைப்பார்கள், ஆபத்து உண்மைதான். "நீதான் இந்த வீட்டுக்கு லட்சுமி" என்று சொல்லிக்கொண்டே வேலைக்குப் போக விடாத வீடுகள் எனக்குத் தெரியும். 14-ல் சொன்ன தீர்ப்புகளை நான் வேறு மாதிரி பயன்படுத்துவேன். இந்த வேலைக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டால், அதைச் செய்ய நேரம் ஆகும் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் பாதியை வீட்டில் சும்மா இருக்கும் மற்ற பெரியவர்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்பது அடுத்த படி. ஆயிரம் ரூபாய் வருவதை யாரும் குறை சொல்லவில்லை, ஆனால் பகலில் இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாகக் கிடைத்தால் பல பெண்களுக்கு அதைவிட உபயோகம். அதற்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும், சரியான நேரத்துக்குத் தண்ணீர் வேண்டும், வீட்டில் இன்னொரு கை வேண்டும்.

16. நான் ஆம்பளைதான், வேலை இல்லை, சமைக்கிறேன், துவைக்கிறேன், பிள்ளையைப் பார்க்கிறேன். என்னை ஏன் சேர்க்க மாட்டேங்கறீங்க?

சேர்த்திருக்கிறேன், 3-வதில் உள்ள 26.1 சதவீதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். 6-வது பதிலைப் படித்துப் பாருங்கள், உங்கள் நாளாகவே தெரியும். ஒரே வித்தியாசம், உங்களைப் பார்த்து ஊர் "பாவம்" என்றும் சொல்லும், "எவ்வளவு நல்ல மனுஷன்" என்றும் சொல்லும். உங்கள் மனைவிக்கு அதே வேலைக்கு இரண்டில் ஒன்றுகூடக் கிடைத்திருக்காது.

17. மூணு வருஷம் வீட்ல இருந்தேன். ரெஸ்யூமேல அந்த இடைவெளியை என்னன்னு எழுதறது?

மறைக்காதீர்கள், தேதியை நீட்டிப் போடாதீர்கள், பழைய நிறுவனத்தில் விசாரித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். "2021–2024: குடும்பப் பொறுப்பு" என்று ஒரே வரி. அதற்குக் கீழே அந்தக் காலத்தில் முடித்த படிப்பு, எழுதிய தேர்வு, மகளிர் குழுவில் கணக்கு எழுதியது, பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது, எது உண்மையோ அது. குழுவின் வரவு செலவை இரண்டு வருடம் எழுதியவர் அதை ஒரு வேலையாகவே நினைக்காமல் விட்டுவிடுகிறார், நான் பார்க்கும் சுயவிவரங்களில் அடிக்கடி விடுபடுவது இதுதான். ஆண்களுக்கும் இதே வரிதான், அப்பாவைப் பார்த்துக்கொள்ள நின்றேன் என்று எழுத வெட்கப்பட ஒன்றுமில்லை.

நேர்காணலில் ஆணிடம் "ஏன் இவ்வளவு நாள் வேலை கிடைக்கல?" என்பார்கள். பெண்ணிடம் "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" என்பார்கள், அது கேட்கக்கூடாத கேள்விதான், ஆனாலும் கேட்பார்கள். கோபப்படாமல் "அதுக்கு ஏற்பாடு பண்ணிட்டேன், உங்க வேலை நேரம் காலை எத்தனை மணிக்கு ஆரம்பிக்கும்?" என்று பேச்சைத் திருப்புங்கள். அப்படிச் சொல்வதற்கு முன் அந்த ஏற்பாட்டை உண்மையிலேயே செய்துவிடுங்கள், ஏனென்றால் வேலை கிடைத்த முதல் வாரத்திலேயே பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்.